வேலையை விட்டுப் போனவரின் லினக்ஸ் கணக்கு: அழிப்பதா, பூட்டுவதா?

புதுஅட்மின்: எங்கள் டெபியன் லினக்ஸ் சர்வரில் ஏழெட்டுப் பேருக்குக் கணக்கு இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். யூசர்டெல் -ஆர் கட்டளை அடித்துக் கணக்கை அழித்துவிடவா, பூட்டி மட்டும் வைக்கவா?

கருந்திரை: இதில் என்ன யோசனை? அழித்துவிடுங்கள். ஆளே இல்லை, கணக்கு எதற்கு? பூட்டிப் பூட்டிச் சேர்த்துக்கொண்டே போனால், யார் இருக்கிறார் யார் போனார் என்றே தெரியாமல் போய்விடும்.

மூலவேர்: அவசரப்படாதீர்கள். -ஆர் போட்டால் போவது ஹோம் அடைவும் (அவருடைய சொந்தக் கோப்புறை) மெயில் பெட்டியும்தான். மற்ற இடங்களில் அவர் வைத்த கோப்புகள் அப்படியே கிடக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள், உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1005 என்று அவருடைய கணக்கு எண் மட்டும் நிற்கும். லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் பெயரெல்லாம் பொருட்டில்லை, எண்தான். புதுக் கணக்கு போடும் டெபியனின் ஆட்யூசர் கட்டளை 1000 முதல் தேடிக்கொண்டு வந்து, காலியாக இருக்கும் முதல் எண்ணைக் கொடுக்கும். அப்புறம் என்ன, புதிதாக வருபவருக்கு 1005 கிடைத்தால் பழையவரின் கோப்புகளுக்கெல்லாம் அவர்தான் சொந்தக்காரர்.

கருந்திரை: அதற்குத்தான் கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளை இருக்கிறதே! அழிக்கும் முன் அவர் பெயரில் உள்ளதைத் தேடி, வேறொருவர் பெயருக்கு மாற்றினால் வேலை முடிந்தது. உங்கள் பூட்டின் லட்சணத்தையும் சொல்லுங்களேன். பூட்டும் கட்டளையான பாஸ்வேர்ட் -எல் செய்வது, பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பில் ஹாஷுக்கு (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போடுவது. அவ்வளவுதான். பாஸ்வேர்ட் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) ஜம்மென்று உள்ளே வருவார்.

மூலவேர்: சாவி விஷயம் சரிதான். அதனால்தான் கணக்கையே காலாவதியாக்கச் சொல்கிறேன். கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளைக்கு --எக்ஸ்பயர்டேட் 1 கொடுத்தால் முடிவுத் தேதி 1970 ஜனவரி 2 ஆகிவிடும், சாவியும் செல்லாது. எண்ணும் அவர் பெயரிலேயே இருக்கும், யாருக்கும் போகாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை மட்டும் இது வெளியே தள்ளாது. அதற்கு, அவருடைய புரோகிராம்களை நிறுத்தும் பிகில் -யூ.

ராத்திரிப்பணி: இரண்டு பேரும் கிரானை, அதாவது குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டுவதை, மறந்துவிட்டீர்கள். பாஸ்வேர்டை மட்டும் பூட்டினால் அவருடைய கிரான் வேலைகள் பாட்டுக்கு ஓடும். காலாவதியாக்கினால் சத்தமில்லாமல் நின்றுவிடும். பேக்கப் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால்?

கருந்திரை: நின்றால் நிற்கட்டும். போனவர் பெயரில் பேக்கப் ஓடுவதே தப்பு. இன்றைக்கே தெரிந்தால் நல்லதுதானே.

ராத்திரிப்பணி: தெரிவது இன்றைக்கு இல்லை ஐயா, டிஸ்க் போகும் அன்றைக்கு.

புதுஅட்மின்: கிரான்டாப் -எல் -யூ போட்டு அவருடைய கிரான் பட்டியலைப் பார்த்தேன். டேட்டாபேஸ் டம்ப் (தரவுகளின் நகல் எடுப்பு) ஒன்று நிஜமாகவே அவர் பெயரில்தான் ஓடுகிறது. அதற்கென்று தனி சிஸ்டம் கணக்கு போட்டு மாற்றிவிடுகிறேன். பிறகு காலாவதி. கோப்புகளைப் பிரித்து முடித்ததும் அழித்துவிடுவேன்.

கருந்திரை: அழிப்பீர்களா? அடுத்த வருடமும் அந்த 1005 அங்கேயேதான் இருக்கும், பந்தயம்.

மூலவேர்: இருக்கட்டுமே! கணக்குப் பட்டியலில் ஒரு வரி, எழுபது எண்பது பைட். அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?