ஆப்ல எல்லாம் தெரியுது, ஸ்பாட்டர்ல கோட்டை விடுறேன்: வழி சொல்லுங்க

மஞ்சநரம்பு:
பிபிடி (பிசியோதெரபி டிகிரி) முதல் வருஷம். போன வாரம் அப்பர் லிம்ப் (தோள், கை) இன்டர்னல் பரீட்சை. ஸ்பாட்டர்ல, அதாவது அறுத்து வச்ச உடம்புல குறிச்ச பாகத்தைப் பார்த்து பேர் எழுதுறதுல, 10-க்கு 3. படிக்காம போகல. ரெண்டு மாசமா போன்ல 3டி அனாடமி ஆப் வச்சு தினம் ஒரு மணி நேரம் பார்க்கிறேன். பிரேக்கியல் ப்ளெக்ஸஸ் (கைக்குப் போற நரம்புப் பின்னல்) கேட்டா சி5 முதல் டி1 வரை 5 ரூட், 3 ட்ரங்க், 6 டிவிஷன், 3 கார்டுன்னு தூக்கத்துல கூட சொல்லிடுவேன். ஆனா டேபிள்ல அக்குள் பக்கம் எதையோ நூல் கட்டி வச்சிருந்தாங்க. மொத்தமும் ஊறவச்ச புளி நிறம். மீடியன் நெர்வ், அதாவது நரம்புன்னு எழுதினேன். அது ஆக்ஸிலரி ஆர்ட்டரியாம், ரத்தக்குழாய்!

இன்னொரு தொல்லை: 3 ஜிபி ரேம் போன். முழு உடம்பையும் லோடு பண்ணா ஆப் தானா மூடிக்குது. காசு கட்டி வேற ஆப் வாங்கணுமா?

டேபிள்நம்பர்4:
இதுக்கெல்லாம் வெட்கப்படாதீங்க. நான் வைவாவுல (வாய்மொழிப் பரீட்சை) வெயினை, அதான் ரத்தம் இதயத்துக்குத் திரும்புற குழாயை, காட்டி நெர்வ்னு சொன்னேன். "அப்போ ரத்தம் எது வழியாப்பா திரும்பிப் போகும்?"னு சார் கேட்டார். பேட்ச் முழுக்க சிரிச்சுது.

பழைய டியூட்டர்:
தம்பி, காசை மிச்சம் பிடி. ஆப்ல ஆர்ட்டரி சிவப்பு, வெயின் நீலம், நெர்வ் மஞ்சள். ரெண்டு மாசமா நீ நிறத்தைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்க. ஃபார்மலின்ல (உடம்பு கெடாம வைக்கிற மருந்து) கிடந்த உடம்புல அந்த நிறம் கிடையாது.

போன் செட்டிங்ஸ்ல ஆக்ஸசிபிலிட்டி போய், கலர் கரெக்‌ஷன்ல கிரேஸ்கேல் போடு. போன் முழுக்க கருப்பு வெள்ளையாயிடும். லேபிளையும் அணைச்சுட்டு இப்போ அக்குளைத் திற. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கும், அதுதான் பரீட்சை.

அப்புறம் ஒண்ணைப் பிடிச்சு இன்னொண்ணுக்குப் போ. கொராகோபிராக்கியாலிஸ் தசையைக் கண்டுபிடி. அதைத் துளைச்சுப் போறது மஸ்குலோகுட்டேனியஸ் நெர்வ். அதையே மேலே பின்தொடர்ந்தா லேட்டரல் (வெளிப்பக்க) கார்டு. அங்கிருந்து ஒரு வேர், மீடியல் (உள்பக்க) கார்டிலிருந்து ஒரு வேர், ரெண்டும் சேர்ந்து மீடியன். மீடியல் பக்கம் கடைசிக் கால் அல்நர். மொத்தமாப் பார்த்தா இங்கிலீஷ் 'எம்' எழுத்து. அந்த எம்முக்கு அடியில கிடக்கிறதுதான் நீ கோட்டை விட்ட ஆர்ட்டரி.

தசையைத் தட்டி மறைக்கிற பட்டனை மட்டும் தொடாதே. டேபிள்ல அந்த பட்டன் இல்ல. ஸ்பாட்டர்ல தொட விடமாட்டாங்க, அதனால டிசெக்‌ஷன் நேரத்துலயே ஃபோர்செப்ஸால அழுத்திப் பார்த்துக்கோ. ஆர்ட்டரி சுவர் தடிமன், உள்ளே குழாய்னு தெரியும். வெயின் தட்டையா அமுங்கிக் கிடக்கும். நெர்வ் உள்ளே பொந்து இல்லாத கயிறு.

மஞ்சநரம்பு:
நன்றிக்கா. நான் தங்கச்சி :)

லேப்டாப்காரன்:
ரேம் பிரச்சினைக்கு: முழு உடம்பு வேண்டாம், ஆப்ல ரீஜியன் பிரிச்சுத் திறக்க வழி இருந்தா அப்பர் லிம்ப் மட்டும் திறங்க. லேப்டாப் இருந்தா இசட்-அனாடமி இருக்கு. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஜப்பான்ல வெளியிட்ட பாடிபார்ட்ஸ்3டி மாடல்களை வச்சு செஞ்சது, ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல திறக்கும். ப்ளெண்டர் பழக ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், சொல்லிட்டேன்.

எலும்புப்பெட்டி:
எனக்கு ஆப் மேலேயே நம்பிக்கை கம்மி. அதுல இருக்கிறது ஒரே ஒரு உடம்பு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வச்சுக்கிட்டு மணிக்கட்டை லேசா மடக்கிப் பாருங்க. நடுவுல கயிறு மாதிரி எழும்பினா அது பால்மாரிஸ் லாங்கஸ் தசையோட நாண். என் வலது கையில இருக்கு, இடது கையில இல்ல. இதை எந்த ஆப் காட்டும்? கிளாவிக்கிளும் (காறை எலும்பு) அப்படித்தான், கையில உருட்டிப் பார்க்காம வலதா இடதான்னு சொல்ல வராது.

மஞ்சநரம்பு (12 நாள் கழிச்சு):
கிரேஸ்கேல் போட்ட முதல் ராத்திரி ஆப்லயே ஒண்ணும் தெரியல, அழுகையே வந்துருச்சு. நாலாவது நாள் எம் கண்ணுல பட்டுது. நேத்து டேபிள்ல நானே ஆர்ட்டரியைக் காட்டினேன். ஆனா அக்கா, புது சந்தேகம்: எங்க டேபிள் உடம்புல இடது கொராகோபிராக்கியாலிஸைத் துளைச்சு எதுவுமே போகல. நாங்க அறுத்துட்டோமா?

பழைய டியூட்டர்:
மீடியன் கூடவே ஒரு கிளை ஒட்டிக்கிட்டு வந்து பைசெப்ஸுக்குப் போகுதான்னு பாரு. அப்படின்னா வேரியேஷன் (ஆளுக்கு ஆள் வர்ற இயற்கை வித்தியாசம்), அறுக்கல. மேற்கொண்டு கத்தி வைக்காம மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டு தங்கச்சி.