களாவா, வேறு செடியா? நன்மங்கலம் காட்டோரத்தில் உள்ள முட்புதரைப் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: மேடவாக்கம் வாசகி

வணக்கம். நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய எங்கள் தெருவில், வீடு கட்டாமல் கிடக்கும் ஒரு மனையில் இடுப்பளவுக்கு முட்புதர் ஒன்று மண்டியிருக்கிறது. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசிகிறது. பட்டாணியைவிடச் சற்றே பெரிய காய்கள் சிவந்து, பிறகு கறுத்துவிடுகின்றன. திண்டிவனம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார் இதைச் சிறுகளா என்றும், சிறுவயதில் மடி நிறையப் பறித்துத் தின்றதாகவும் சொல்கிறார். பால் வடிகிற செடியெல்லாம் விஷம் என்று எதிர்வீட்டு ஐயா பிள்ளைகளை அண்டவிடுவதில்லை. இதை உண்ணலாமா? வீட்டில் வளர்க்க முடியுமா?

பதில் 1: செடிகொடி ஆர்வலர், வேளச்சேரி

அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சிறுகளாவுக்குப் பொருந்துகின்றன. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகளில் பரவலாகக் காணப்படும் புதர் இது; காரை, சூரை, காசான் ஆகியவற்றோடு சேர்ந்து வளரும்.

எதிர்வீட்டு ஐயாவின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. களாவும் அரளியும் ஒரே குடும்பம். அரளியோ வேர் முதல் பூ வரை நஞ்சு. ஆயினும் பால் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பலாவையும் சப்போட்டாவையும் கூட ஒதுக்க வேண்டிவரும். ஆகவே எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள். களாவின் இலைகள் தடித்து, பளபளப்பாக, எதிரெதிரே இணையாக நிற்கும். முள் உறுதியானது, சில இடங்களில் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். பூ வெள்ளை நிறத்தில் ஐந்து இதழ்களோடு மல்லிகை போல மணக்கும். சூரைப்பழமும் கறுப்புதான், அதுவும் உண்ணத்தக்கதே. ஆனால் அதன் முள் கொக்கி போல வளைந்திருக்கும், இலைகள் மாறி மாறி அமையும், பால் வராது. கவனமாக இருக்க வேண்டியது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட உண்ணிச்செடியிடம்தான். அதன் காய் நச்சுத்தன்மை உடையது. சொரசொரப்பான அதன் இலையைக் கசக்கினால் கடுநெடி அடிக்கும், பால் மட்டும் இராது.

அடையாளம் உறுதியான பிறகும் நன்கு கறுத்து மெத்தென்று ஆன பழத்தையே உண்ணுங்கள். சீறியாழ் என்னும் சிறிய யாழின் கரிய தண்டுக்குச் சங்கப் புலவர் களங்கனியை, அதாவது களாப்பழத்தை, உவமை சொல்லியிருக்கிறார். அந்தக் கறுப்புதான் கணக்கு. சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும், பாலும் உதட்டில் பிசுபிசுவென ஒட்டும்.

பதில் 2: சமையல்கட்டுக்காரி, மயிலாப்பூர்

ஊறுகாய்க்கு ஏற்றது, களாவில் பெரிய காய் காய்க்கும் வகையான பெருங்களாவின் முற்றிய பச்சைக்காய். அதைப் பிளந்து விதை நீக்கி, உப்புநீரில் ஊறவிட்டால் பால் இறங்கிவிடும். பிறகு மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, நல்லெண்ணெய் சேர்க்கலாம். இடையில் ஒரு செய்தி: பேக்கரி கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கப்படுவது பெரும்பாலும் இந்தக் களாக்காய்தான், சர்க்கரைப் பாகில் ஊறிச் சிவப்புச் சாயம் ஏறியதும் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

பதில் 3: மாடித்தோட்டக்காரர், தாம்பரம்

ஆசையில் காப்புக்காட்டுக்குள் நுழைந்து பழமோ நாற்றோ எடுத்துவிடாதீர்கள்; 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம். காலிமனைப் பழத்தை உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பறியுங்கள். அங்கே கழிவுநீர் தேங்கினாலோ களைக்கொல்லி தெளித்திருந்தாலோ விட்டுவிடுவதே நல்லது.

வளர்ப்பது கடினமன்று. களா விதைக்கு முளைப்புத் திறன் விரைவில் போய்விடும் என்பதால், பழுத்த பழத்தின் சதையைக் கழுவி, விதையை நிழலில் உலர்த்திச் சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும். வெயிலையும் வறட்சியையும் தாங்கும் செடி, வேரில் நீர் நின்றால் அழுகிவிடும். ஆகையால் தொட்டியில் செம்மண்ணோடு மணலும் சரளையும் கலந்து, அடித்துளை அடைபடாமல் ஓட்டுத்துண்டு வைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் இடமிருந்தால் சுற்றுச்சுவர் ஓரத்தில் வரிசையாக நட்டுக் கவாத்து செய்து வாருங்கள், ஆடு நுழையாத வேலியாகிவிடும். பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள்; அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.