பெயர் ஓக்கிக்குப் போனது, வேர் எங்கே போனது? ஹியூமன் லீக்கா, ஹெவன் 17 குழுவா?

சுருள்நாடா:
பத்து நாளாக மனத்தில் கிடக்கும் எரிச்சல் இது, கொட்டிவிடுகிறேன். எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் இசை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "ஹெவன் 17 என்பது ஹியூமன் லீக்கைவிட்டு ஓடிப்போனவர்கள் தொடங்கியதுதானே?" என்றார். ஓடிப்போனவர்களா! வீட்டைக் கட்டியவனைப் பார்த்துக் குடித்தனக்காரன் என்பதைப் போலிருந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலாந்தின் எஃகு நகரம் ஷெஃபீல்ட். அங்கே கணினி ஆபரேட்டர்களாக வேலை பார்த்த மார்ட்டின் வேர், இயன் க்ரெய்க் மார்ஷ் இருவரும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வாங்கி 1977-இல் தொடங்கியதுதான் ஹியூமன் லீக் குழு. பாடகராக முதலில் அவர்கள் மனத்தில் இருந்தவர் க்ளென் கிரெகரி. அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அதனால் வேர் தன் பள்ளித் தோழர் ஃபிலிப் ஓக்கியை நினைத்தார். ஓக்கி அப்போது மருத்துவமனைச் சிப்பந்தி. வீட்டில் தொலைபேசி கிடையாது. கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தார்கள். பாடிய அனுபவம் ஏதும் இல்லாவிட்டாலும் ஆள் பார்ப்பதற்கு நட்சத்திரம் மாதிரி இருந்தார், அது போதும் என்று நினைத்தார்கள்.

இரண்டு ஆல்பங்கள் வந்தன, பணம் வரவில்லை. 1980 அக்டோபரில், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்குச் சில நாள்களே இருந்த நேரத்தில் குழு உடைந்தது. வேரும் மார்ஷும் வெளியே. பெயர் ஓக்கிக்கு. அவர்கள் லண்டனிலிருந்து கிரெகரியைத் திரும்ப அழைத்து ஹெவன் 17 தொடங்கினார்கள்.

என் கேள்வி எளியது. இசையைச் செய்தவர்கள் எங்கே போனார்களோ அங்கேதானே உண்மையான ஹியூமன் லீக் போயிற்று? மார்ட்டின் பெயரிலேயே வேர் இருக்கிறது, பாருங்கள்.

வழிப்போக்கன்:
சிலேடையை நாள் முழுக்க யோசித்திருக்கிறீர்கள்.

ஒலிப்பொறி:
சுருள்நாடா அண்ணா, சிலேடை நன்று, வாதம் நொண்டுகிறது. பெயர் ஓக்கிக்குப் போனது என்று நின்றுவிட்டீர்கள். பெயரோடு கூடவே என்ன போயிற்று? குழுவின் கடன், வெர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டிய ஆல்பம், ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணம். பயணம் நடக்காவிட்டால் ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போடுவார்கள். போதாததற்கு, அடுத்த ஆல்பத்தின் வருமானத்தில் ஒரு சதவீதம் பிரிந்துபோனவர்களுக்கு என்று பேச்சு. மிச்சம் இருந்தது ஓக்கியும், மேடையில் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும். இருவருக்கும் கருவி வாசிக்கத் தெரியாது என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட சொத்தை நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா?

அந்த நிலையிலிருந்து ஒரு வருடத்தில் 'டேர்' ஆல்பம் வந்தது. 1981 அக்டோபர், பிரிட்டனில் முதலிடம். அதிலிருந்து எடுத்த நான்காவது தனிப்பாடல் 'டோன்ட் யூ வான்ட் மீ' கிறிஸ்துமஸ் நேரத்தில் முதலிடத்துக்கு வந்து ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்தது. மறு வருடம் அமெரிக்காவிலும் முதலிடம். ஹெவன் 17 குழுவின் ஆல்பம் 'பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்' எங்கே நின்றது? பதினான்கில்.

சுருள்நாடா:
தம்பி, விற்பனைப் பட்டியலைக் கொண்டுவந்து இசையை நிறுத்துப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால், அந்தப் பாட்டைத் தனியாக வெளியிடவே கூடாது என்று மறுத்தவர் யார்? ஓக்கி. ஆல்பத்தின் ஆகப் பலவீனமான பாட்டு என்று நினைத்து இரண்டாம் பக்கத்தின் கடைசியில் தள்ளி வைத்தார். வெர்ஜின் நிறுவனத்துக்காரர்கள் பிடிவாதம் பிடித்ததால் வெளியே வந்தது. தன் கையில் இருந்த தங்கத்தைத் தகரம் என்று நினைத்தவரை நான் எப்படி மேதை என்பது?

'பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்' தட்டை எடுத்து முதல் பக்கத்தைப் போடுங்கள். ஜான் வில்சன் என்ற பதினேழு வயதுப் பையன். ஷெஃபீல்டின் க்ரூசிபிள் நாடக அரங்கில் மேடைக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்தவனை அழைத்துவந்து பேஸ் கிட்டாரைக் கொடுத்தார்கள். இயந்திரத் தாளத்தின்மேல் அவன் விரல்கள் என்ன ஓட்டம் ஓடுகின்றன! பாசிசத்தை எதிர்த்து அவர்கள் பாடிய முதல் தனிப்பாட்டை பிபிசி தடை செய்தது. அட்டைப்படத்தில் கோட்டு, டை, கைகுலுக்கல், தொலைபேசி என்று ஒரு வணிக நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டைப் போலவே வரைந்து கேலி செய்தார்கள். 1981-இல், தாட்சர் காலத்தில்! அதே நேரத்தில் உங்கள் ஓக்கி இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளிப் பெண்களைப் பிடித்து வந்து மேடையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

பாதிநிலா:
இந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் எழுத வந்தேன். பத்திரிகைகள் அன்று எழுதிய அதே ஏளனத்தை இத்தனை வருடம் கழித்து நீங்கள் அப்படியே பிரதியெடுக்கிறீர்கள், ஐயா. க்ரூசிபிள் அரங்கில் கிடைத்த பதினேழு வயதுப் பையன் கண்டுபிடிப்பு, க்ரேஸி டெய்சி விடுதியில் கிடைத்த பதினேழு வயதுப் பெண் அலங்காரப் பொம்மையா?

சூசன் ஆன் சல்லிக்கு வயது 17, ஜோயன் கேதராலுக்கு 18. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். மேடை ஏறிய முதல் சில நிகழ்ச்சிகளில், பழைய குழுவைப் பார்க்க வந்த ஆண்கள் கூட்டத்தின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். 'டோன்ட் யூ வான்ட் மீ' பாட்டில் முதலில் ஆண் பேசுகிறான்: நீ பரிமாறும் பெண்ணாக இருந்தாய், உன்னை நான்தான் ஆளாக்கினேன் என்கிறான். பிறகு சூசன் வருகிறார். குரலில் பயிற்சி இல்லை, நடிப்பும் இல்லை. அதெல்லாம் உண்மைதான், ஆனால் நீ இல்லாமலும் எனக்கு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று அப்போதே தெரியும் என, பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். பெரிய பாடகி பாடியிருந்தால் அந்தப் பாட்டு செத்திருக்கும். ஓக்கியின் தலைக்கனத்தை அந்த ஒற்றைக் குரல்தான் இறக்கிவைக்கிறது.

இன்னொன்று. இன்றுவரை ஹியூமன் லீக் என்றால் அந்த மூவர்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் நிலைத்தவர்களை 'பிடித்து வந்தவர்கள்' என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சுருள்நாடா:
அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன், அம்மா. எழுதும்போதே கை கூசியிருக்க வேண்டும். மற்ற வரிகள் அப்படியே நிற்கின்றன.

ஒலிப்பொறி:
நீக்கியது நல்லது. இப்போது கருவிக்கு வருகிறேன், இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

இயந்திரம் தெரிந்தவர்கள் ஹெவன் 17 பக்கம் போனார்கள் என்கிறீர்கள். போனபிறகு என்ன செய்தார்கள்? பேஸ் கிட்டார் வாசிக்க ஆளைத் தேடினார்கள். 1983-இல் 'டெம்ப்டேஷன்' பாட்டுக்கு வாத்தியக் குழு முழுவதையும் கொண்டுவந்தார்கள், பாடகி கேரல் கென்யனைப் பாட வைத்தார்கள். இரண்டாம் இடம் வரை போனது. அருமையான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மனிதர்களைத் தேடிப் போனார்கள். இயந்திரம் தெரியாத ஓக்கியோ முழுக்க முழுக்க இயந்திரத்தால் ஒரு ஆல்பம் செய்தார். ரெசில்லோஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஜோ காலிஸை அழைத்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டு பழகச் சொன்னார்கள்!

நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார், அவரை இருவருமே மறந்துவிட்டீர்கள்: தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட். பஸ்காக்ஸ், ஸ்ட்ராங்லர்ஸ் போன்ற பங்க் குழுக்களைப் பதிவு செய்தவர். ஷெஃபீல்டில் இரண்டு குழுக்களும் ஒரே ஸ்டுடியோவைப் பகலும் இரவுமாகப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ரஷன்ட் ஹியூமன் லீக்கை அங்கிருந்து கிளப்பி பெர்க்ஷயரில் இருந்த தன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே ரோலண்ட் எம்சி-8, சிந்தசைசரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவி. ஒவ்வொரு சுரத்தையும் அதன் நீளத்தையும் எண்ணாகத் தட்ட வேண்டும். விசைப்பலகையில் வாசித்துப் பதியும் இன்றைய வசதியை மறந்துவிடுங்கள். அப்புறம் லின் எல்எம்-1. உண்மையான மேளத்தின் ஒலித்துணுக்குகளைச் சில்லுகளில் வைத்திருந்த முதல் ட்ரம் மெஷின். மொத்தமே ஐந்நூறு போலத்தான் செய்யப்பட்டன.

ஹெட்ஃபோனில் அந்த ஆல்பத்தின் 'தி சவுண்ட் ஆஃப் தி க்ரௌட்' பாட்டைக் கேளுங்கள். தாளம் சுவரில் ஆணி அடித்ததைப் போல நிற்கிறது, ஒரு இம்மி அசையாது. அந்த அசையாத சுவருக்கு முன்னால் பயிற்சியில்லாத மூன்று குரல்கள் கொஞ்சம் கொஞ்சம் தள்ளாடுகின்றன. அந்தத் தள்ளாட்டம்தான் 'டேர்'.

வழிப்போக்கன்:
அப்படியானால் உண்மையான ஹியூமன் லீக் ரஷன்ட்தான். விவாதம் முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

சுருள்நாடா:
கிண்டலாகச் சொன்னாலும் பாதி உண்மை. ரஷன்ட் சண்டை போட்டுப் பிரிந்தபிறகு 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தைப் பிசைந்து பிசைந்து 1984-இல்தான் வெளியே விட்டார்கள். 1986-இல் 'ஹியூமன்' அமெரிக்காவில் முதலிடம் வந்தது. எழுதித் தயாரித்தவர்கள் மினியாபொலிஸ்காரர்களான ஜிம்மி ஜாமும் டெர்ரி லூயிஸும். ஓக்கியின் வெற்றிக்குப் பின்னால் எப்போதும் இன்னொருவர் கை இருக்கிறது.

வேரின் கையோ மற்றவர்களைத் தூக்கிவிட்டது. 1982-இல் அமெரிக்கப் பாடகி டினா டர்னரை யாரும் சீண்டவில்லை. பி.இ.எஃப். (பிரிட்டிஷ் எலெக்ட்ரிக் ஃபவுண்டேஷன்) என்ற பெயரில் வேரும் மார்ஷும் செய்த தொகுப்பில் அவரைப் பாட வைத்தார்கள். அடுத்த வருடம் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டை வேர் இன்னொருவருடன் சேர்ந்து தயாரித்தார். பிரிட்டனில் ஆறாம் இடம். அங்கிருந்துதான் 'ப்ரைவேட் டான்சர்' ஆல்பம் வந்தது, டினா திரும்பி வந்தார். இதை எந்தத் தராசில் வைப்பீர்கள்?

ஒலிப்பொறி:
தனித் தராசில். அது வேரின் பெருமை, ஹெவன் 17 குழுவின் கணக்கில் எழுத முடியாது. தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை மேடையே ஏறாத குழு அது. தட்டில் மட்டும் வாழ்ந்த குழுவை, கடனோடு மறுவாரமே மேடை ஏறியவர்களோடு ஒப்பிடுகிறீர்கள்.

பாதிநிலா:
இருவரும் தொடாத ஒன்று. 1978-இல் எடின்பரோவின் சிறு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஹியூமன் லீக்கின் முதல் தனிப்பாட்டு, 'பீயிங் பாயில்ட்'. வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்தது. இசை வேருக்கும் மார்ஷுக்கும், சொற்கள் ஓக்கிக்கு. பட்டுப்புழுவை உயிரோடு கொதிக்கவைத்து நூல் எடுக்கும் கொடுமையைப் பற்றிய பாட்டு! புத்தர் வந்து அதை நிறுத்தச் சொல்கிறார். கீழை மதங்களைக் குழப்பிக்கொண்டு எழுதிவிட்டதாக ஓக்கியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். இருந்தாலும் காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொன்னது இதே காரணத்துக்காகத்தானே? பட்டுப் புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தடதட பேஸ் ஒலி எனக்குக் காதில் கேட்கிறது, வீட்டில் யாரிடம் சொல்வது!

வந்தபோது கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பாட்டு, 1982 ஜனவரியில் மறுவெளியீட்டில் ஆறாம் இடத்துக்கு ஏறியது. ஓக்கியும் அந்தப் பெண்களும் பெற்ற புகழால்தான் ஏறியது. இசையோ பிரிந்துபோனவர்களுடையது. இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

ஒலிப்பொறி:
கணக்கைப் பார்த்தால் வெர்ஜின் பக்கம். பிரிந்த இரண்டு குழுக்களையுமே தன்னிடம் வைத்துக்கொண்ட நிறுவனம். மேலாளர் பாப் லாஸ்ட்தான் பிரிவையே நயமாக ஊக்குவித்தார், இரண்டு பக்கத்துக்கும் அவரே மேலாளராகவும் இருந்தார். அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது பத்திரம் எழுதியவர் இரு பக்கமும் கூலி வாங்கின கதை.

சுருள்நாடா:
இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன், தம்பி.

நேற்றிரவு இரண்டு தட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். 'பென்ட்ஹவுஸ்' இரண்டாம் பக்கம், முழுக்க சிந்தசைசர் ஓடும் பக்கம், நான் நினைத்திருந்த அளவு நிற்கவில்லை. முதல் பக்கம் இன்னும் பறக்கிறது. 'டேர்' ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. இதை எழுதக் கை வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பெயர் விஷயத்தில் மட்டும் இறங்கிவர மாட்டேன்.

வழிப்போக்கன்:
2008-இல் இரண்டு குழுக்களும் ஷெஃபீல்டின் இன்னொரு குழுவான ஏபிசியும் சேர்ந்து ஒரே சுற்றுப்பயணம் போனார்கள். சுற்றுப்பயணத்தின் பெயர் 'ஸ்டீல் சிட்டி'. அவர்களே சமாதானமாகிவிட்டார்கள். 'பீயிங் பாயில்ட்' பாட்டை இரண்டு குழுக்களும் இன்றும் தங்கள் மேடைகளில் வாசிக்கிறார்கள்.

சுருள்நாடா:
யார் வாசிப்பது நன்றாக இருக்கிறது?

ஒலிப்பொறி:
அண்ணா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது.