டாலிஸ்கரில் கல்பாசி வாசம்

கடலோரத்தில் காய்ச்சிய சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சிய விஸ்கி என்றாலே உப்புக் கரிக்கும், கடல் வாசம் அடிக்கும் என்று குடித்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அத்தான் வீட்டு மொட்டைமாடியில் டாலிஸ்கர் 10 வருட விஸ்கியை முகர்ந்தபோது எனக்கு முதலில் பிடிபட்டது கடல் இல்லை, மசாலாவில் போடும் கல்பாசி.

அத்தானுக்கு வேலை சிங்கப்பூரில். பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக வந்திருந்தார். படைப்பு முடிந்து, பங்காளிகள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பி, வீடு காலியான பிறகுதான் பாட்டிலை வெளியே எடுத்தார். தட்டில் மிளகுக் கோழி வறுவல், பக்கத்தில் சோடா, ஐஸ். "ஊத்தட்டுமா மாப்பிள்ளே?" என்று சோடாவைத் திறக்கப் போனவரை, "இருங்க அத்தான், முதல் மடக்கு மட்டும் அப்படியே பார்ப்போம்" என்று நிறுத்தினேன். வறுவலையும் கொஞ்சம் தள்ளி வைத்தோம்.

காய்ந்த கல்பாசியைச் சும்மா மோந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் மண்ணும் புகையும் கலந்து ஒரு வாசம் எழும்புமே, அதன் சாயல்தான் அந்தக் கிளாஸில் இருந்தது. இதற்குக் காரணம் பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடியும் பாதி மக்கி, பல நூறு ஆண்டுகளாக அமுங்கிக் கிடப்பதை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால் என்ற வகைப் பொருள்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு ஊறல் போட்டு, காய்ச்சி, வருடக்கணக்கில் பீப்பாயில் வைத்தாலும் அந்த வாசம் போவதில்லை.

டாலிஸ்கர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கார்போஸ்ட் என்ற சிற்றூரில், கடல் உள்ளே நுழைந்திருக்கும் ஒரு நீர்க்கரையில் இருக்கிறது. 1830-இல் மக்காஸ்கில் சகோதரர்கள் தொடங்கியது. 1960-இல் தீப்பிடித்து எரிந்தபோது, பழைய செம்புக் கொப்பரைகள் எப்படி இருந்தனவோ அச்சு அசலாக அப்படியே புதிதாகச் செய்து வைத்தார்கள். வடிவம் மாறினால் ருசி மாறிவிடும் என்ற கவலை. ஆவியைக் குளிரவைக்க இன்றைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் செம்புக் குழாய்தான். அதனால் சாராயம் கொஞ்சம் கனமாக இறங்குகிறது. இப்படி ருசிக்காகப் பழைய பாத்திரத்தையும் முறையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அம்மியையும் உரலையும் இன்னும் விடாத எங்கள் ஊர்ச் சமையல்காரர்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, வாயில் விட்டால்? முதலில் இனிப்பு. அப்புறம் புகை. விழுங்கிய பிறகு தொண்டையின் பின்புறத்தில் மிளகு ஏறுகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே காரம். 45.8 சதவீத ஆல்கஹால் என்பதால் வரும் எரிச்சல் வேறு, இது வேறு. நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் எரிச்சல் அடங்கியது, மிளகு மட்டும் நின்றது. சின்ன வயதிலிருந்து மிளகு தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பிறகுதான் வறுவலைத் தொட்டோம். ஒரு துண்டு போதும், விஸ்கியின் மிளகு இருந்த இடம் தெரியவில்லை. செட்டிநாட்டு மசாலாவுக்கு இதைத் துணையாக வைப்பது இரண்டுக்குமே அநியாயம். உப்புக்கண்டத்தைப் பொரித்து ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொண்டால் நன்றாகச் சேர்கிறது. அதைவிட நன்றாகச் சேர்ந்தது, சட்னி தொடாத வெள்ளைப் பணியாரம். அரிசியும் உளுந்தும் எண்ணெயும் மட்டும் இருக்கும் அந்த மெத்தென்ற ருசியில் புகை நிதானமாக விரிகிறது. அத்தான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வறுவல்தான்.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த கடல் தொண்டிக் கடல். அந்த வாசம் இதில் இல்லை. நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஒன்று வந்து போனது உண்மை. ஆனால் காய்ச்சி வடிக்கும்போது உப்பு ஆவியோடு ஏறி வராது. டாலிஸ்கருக்கான மால்ட்டும், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியும், அந்தத் தீவில் தயாராவதில்லை, பெருநிலத்தில் இருக்கும் கிளென் ஆர்டு மால்ட் ஆலையிலிருந்து வருகிறது. பீப்பாய்களிலும் நிறைய, தீவுக்கு வெளியே உள்ள கிடங்குகளில்தான் முதிர்கின்றன. ஆகவே நாம் கடல் என்று சொல்வதில் பெரும்பகுதி புகையின் வேலை என்றே நினைக்கிறேன். அதனால் இந்த விஸ்கியின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், விக் என்ற ஊரில், 1826 முதல் இருக்கிறது ஓல்ட் புல்ட்னி. அதுவும் கடலோர விஸ்கி என்றே பேர் வாங்கியது, ஆனால் பீட் புகை காட்டுவதில்லை. அதையும் குடித்துப் பார்த்தால் புகை எது, கடல் எது என்று ஓரளவு பிரித்துவிடலாம். அடுத்த தடவை அதை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அத்தானும் சரி என்றிருக்கிறார்.