மறு: மெயில் மெர்ஜ் – ‘தரவு வார்ப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே மாதிரிக் கடிதத்தில், பட்டியலில் உள்ள பெயர், முகவரி போன்றவற்றைத் தானாக நிரப்பி ஆளுக்கொரு மடலாக எடுத்துத் தரும் மென்பொருள் வசதி ‘மெயில் மெர்ஜ்’. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘அஞ்சல் இணைப்பு’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பை இணைப்பு என்கிறோம். வலைப்பக்கச் சுட்டியும் இணைப்பு, இணையத் தொடர்பும் இணைப்பு. பட்டியில் ‘அஞ்சல் இணைப்பு’ என்று பார்க்கும் நூலகப் பணியாளர், பிடிஎஃப் சேர்க்கும் இடம் இதுதான் என்று நினைப்பார்.

‘அஞ்சல்’ என்ற பாதியும் இடிக்கிறது. வேர்ட்ஸ்டார் என்ற பழைய சொற்செயலிக்குத் துணைநிரலாக ‘மெயில்மெர்ஜ்’ விற்ற காலத்தில் கடிதம்தான் முக்கிய வேலை. இன்று லிபர்ஆஃபிஸின் தரவுத்தள மென்பொருளான பேஸில் சிறு தரவுத்தளம் வைத்திருப்பவர் அதிலிருந்து ரசீது எடுக்கிறார், சான்றிதழ் எடுக்கிறார். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும்போது கோப்பின் பெயரையே அட்டவணையில் உறுப்பினர் எண் இருக்கும் புலத்திலிருந்து (நெடுவரிசையிலிருந்து) எடுத்துக்கொள்ளலாம். இதில் எதுவும் அஞ்சலில் போக வேண்டும் என்றில்லை.

இப்படி நிரப்பப்படும் மாதிரி வடிவத்துக்கு, அதாவது டெம்ப்ளேட்டுக்கு, ‘வார்ப்புரு’ என்ற சொல் தமிழ் விக்கிப்பீடியாவில் வேரூன்றிவிட்டது. வார்ப்புரு இருந்தால் அதில் நடப்பது வார்ப்புதானே? தோசையும் வார்க்கிறோம், வெண்கலமும் வார்க்கிறோம். ஆகவே பொதுச்சொல் ‘தரவு வார்ப்பு’. அதன்கீழ் மடல் வார்ப்பு, ரசீது வார்ப்பு, சான்றிதழ் வார்ப்பு.

கலைச்சொல்லை அகராதியில் மட்டும் வைத்துப் பார்க்காமல் பொத்தானிலும் பிழைச்செய்தியிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘48 மடல்கள் வார்க்கப்பட்டன, 2 பதிவுகளில் மின்னஞ்சல் முகவரி இல்லை.’ படித்ததும் புரிகிறது. ‘48 அஞ்சல்கள் இணைக்கப்பட்டன’ என்றால் எது எதோடு இணைந்தது?

சுவாமிமலையில் சிலை வார்த்ததும் அச்சை உடைத்துவிடுகிறார்கள், இங்கே வார்ப்புரு அப்படியே இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஈய எழுத்து வார்த்த காலத்தில் ஒரே அச்சிலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதுவும் வார்ப்புதான். நிரலாக்கத்தில் ஒரு மதிப்பை வேறு தரவு வகைக்கு மாற்றும் டைப் காஸ்டிங்கோடு குழம்பாதா என்றால், அதற்கு ‘வகைமாற்றம்’ போதும்.

இன்னொரு சொல்லும் தேவை. வார்ப்புருவில் <பெயர்> என்று நிற்கும் இடத்தைப் ‘புலம்’ என்றே சொல்லிவருகிறோம். புலம் அட்டவணையில் இருப்பது; மடலில் இருப்பது அதற்காக விட்ட இடம். இதற்கு ‘நிரப்பிடம்’ என்பேன். தமிழில் இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. ‘<பெயர்>க்கு’ என்று எழுதினால் வள்ளிக்குச் சரியாக வரும். முருகனுக்கு ‘முருகன்க்கு’ என்றும் மாலாவுக்கு ‘மாலாக்கு’ என்றும் வந்து நிற்கும். உடம்படுமெய்யும் சாரியையும் மென்பொருளுக்குத் தெரியாது. ‘<பெயர்> அவர்களுக்கு’ என்று எழுதிவிட்டால் வேற்றுமை உருபை ‘அவர்கள்’ ஏற்றுக்கொள்கிறது, மரியாதையும் கிடைக்கிறது. உதவிப் பக்கத்தில் ‘நிரப்பிடத்தை ஒட்டி உருபு எழுதாதீர்கள்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை எழுதவாவது இந்தச் சொல் வேண்டும்.

ஒரே தாளில் பல முகவரிச் சீட்டுகளை அச்சிடும் வசதிக்குச் ‘சீட்டு வார்ப்பு’ அவ்வளவாகப் பொருந்தவில்லை. அங்கே தாளைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதுதான் முக்கிய வேலை. அதற்குப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.