மறு: பிரேக் டிராகுக்குத் தமிழ்: இழுவையா, விடாப்பிடியா?

நண்பர்களே,

காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடாமல் உரசிக்கொண்டிருக்கும் கோளாறுக்கு (பிரேக் டிராக்) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதே கோளாறு போன மாதம் என் வண்டிக்கே வந்து கைக்காசைக் கரைத்தது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று விட்டுவைத்தேன்.

> "பிரேக் இழுவை" என்றே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

இதில் எனக்கு உடன்பாடில்லை. இழுவை என்ற சொல் ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. ஓடும் வண்டியைக் காற்று பின்னுக்குத் தள்ளுவதும் இழுவை, டிராக்டர் கலப்பையை முன்னுக்குக் கொண்டுபோவதும் இழுவை. தொலைக்காட்சித் தொடரையும் சேர்த்தால் மூன்று. அதோடு, பிரேக் எதையும் இழுப்பதில்லை, பிடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பதறும்போது "பிரேக்கைப் பிடி" என்றுதான் கத்துகிறார். பட்டறையில் இந்தக் கோளாறைச் சொல்வதும் "பிரேக் புடிச்சே இருக்கு", "ரிலீஸ் ஆகல" என்றுதான். பிடித்ததை விடவில்லை, அவ்வளவுதானே? விடாத பிடி, விடாப்பிடி. நாம் ஆக்க வேண்டியதே இல்லை, சொல் கையிலேயே கிடக்கிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கும் அது உதவும். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த பெட்ரோல் கார் 12க்கு இறங்கியது. டேங்க்கை நிரப்பி, 418 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பினேன்: 34.8 லிட்டர். டேஷ்போர்டு காட்டுவதை நம்பாமல் கையால் போட்ட கணக்கு.

"எல்லாம் எத்தனால் பண்ற வேலை சார்" என்றார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது பற்றி 2021ல் வந்த நிதி ஆயோக் அறிக்கை, 10 சதவீதக் கலப்புக்கு அமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றுதான் சொன்னது. பதினாறில் 7 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். மீதி மூன்று எங்கே போச்சு?

ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றினார்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். மைலேஜ் அசையவில்லை. (கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் வருகிற காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோலும் குறைந்துவிடும், அடிபடுவது பிக்கப்தான்.) ஸ்கேனரை மாட்டினால் எரர் கோடு ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? சக்கரத்தை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது என்ஜினுக்குத் தெரியாது. மேட்டில் ஏறுகிறோம் போல என்று அது பாட்டுக்கு எரித்துக்கொண்டிருக்கும்.

பிடிபட்டது டீக்கடையில். திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலை தாண்டி நிறுத்தியிருந்தேன். லாரிக்காரர் ஒருவர் தன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் புறங்கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நானும் செய்தேன். வலது முன்சக்கரம் வெதுவெதுப்பு. இடது முன்சக்கரத்தில் ஒரு சாண் தள்ளியே அனல் அடித்தது, தீய்ந்த வாடை வேறு. ரிம்மில் அந்தப் பக்கம் மட்டும் கரித்தூள் அப்பியிருந்தது. அதுவரை அதைச் சேறு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர் திரும்பியதும் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்துக் கையால் சுழற்றினோம். வலது சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது, இடது கால் சுற்றிலேயே நின்றுவிட்டது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இரண்டு பக்கமும் பேட் கட்டைகளால் அழுத்திப் பிடிக்கும் பாகம்தான் கேலிப்பர். அது நழுவி நகர வேண்டிய பின்னில் கிரீஸ் காய்ந்து, துருவேறி இறுகிக் கிடந்தது.

> டிஸ்க் பிரேக்கில் எப்போதுமே கொஞ்சம் உராய்வு இருக்குமே, அதுவும் டிராக்தானே?

நல்ல கேள்வி. கழற்றிப் பார்த்த அன்றுதான் எனக்கும் இது விளங்கியது. கார்களின் சாதாரண கேலிப்பரில், பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மிதிக்கும்போது அது லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனை மயிரிழை அளவு கூடவே இழுத்துவரும். பிடி விடுவது இவ்வளவில்தான். அதனால் நல்ல வண்டியிலும் பேட் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும். சுழற்றினால் "ஸ்ஸ்" என்று சத்தம் வரும். அது கோளாறு அல்ல.

ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது, நாம் பிரித்துவிடலாம். இயல்பாக இருப்பதற்கு ஒருவர் சொன்ன "எச்சப்பிடி" பொருத்தம்தான், ஆனால் கார் பேச்சில் எச்சம் என்றால் மரத்தடியில் வண்டி நிறுத்துபவனுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். "மிச்சப்பிடி" என்று வைத்துக்கொள்வோம். மிச்சப்பிடி எல்லா வண்டியிலும் உண்டு. ஒரு சக்கரம் தன் ஜோடியைவிட அதிகம் சுட்டால் அது விடாப்பிடி.

> விடாப்பிடி என்றால் பிடிவாதம் அல்லவா? குழப்பம் வராதா?

கணினிச் சுட்டியையும் வீட்டுச் சுட்டிப் பையனையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லையே. முட்டுக்கட்டையைப் பாருங்கள். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போடும் கட்டை அது. பேச்சு வழக்கில் ஏறி, காரியத்தைக் கெடுப்பவர் எல்லாம் முட்டுக்கட்டை ஆனார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்கள் கூடவே போகிறார்கள், இரண்டு பொருளும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. சக்கரத்திலிருந்து பேச்சுக்கு ஒரு சொல் போனது, பேச்சிலிருந்து சக்கரத்துக்கு ஒன்று வரட்டுமே. சோதனைக்கு எங்கள் பட்டறைத் தம்பியிடம் "விடாப்பிடியா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "எந்த வீலுண்ணே?" என்றார்.

"விடாபிடி" என்று ப் இல்லாமல் எழுதியவருக்கு: ப் வேண்டும், அழியாப் புகழ் மாதிரி.

நம் சொல் தொகுப்பில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

விடாப்பிடி: மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும், கைபிரேக்கை இறக்கிய பிறகும், பிரேக் சக்கரத்தை முழுதாக விடாத நிலை. கேலிப்பரின் பின் அல்லது பிஸ்டன் இறுகுதல், பிரேக் குழாய் உட்புறம் வீங்கி பிரேக் எண்ணெயைத் திரும்ப விடாமை, கைபிரேக் கேபிள் துருவேறுதல் ஆகியவற்றால் வரும்.

மைலேஜுக்கும் சொல் வேண்டும் என்று கேட்டவருக்கு: இந்தியாவில் மெட்ரிக் சட்டம் வந்தது 1956ல். மைல் போய்விட்டது, மைலேஜ் போகவில்லை. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதற்கு முன் கேலிப்பருக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். "இடுக்கி"யா, "கவ்வி"யா? என் ஓட்டு கவ்விக்கு. அடுப்படி இடுக்கி இரண்டு கையையும் அசைக்கும், இது ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் நழுவி வந்து கவ்வுகிறது.