சிங்கப்பூர் – நியூயார்க் வான்தொலைவு: எக்செல்லில் 5,321 கி.மீ. வருகிறதே?

கேள்வி:
சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் 40.64 வடக்கு, 73.78 மேற்கு. இவற்றைப் போட்டால் 5,321 கி.மீ. என்கிறது எக்செல். ரேடியனுக்கு மாற்றித்தான் போட்டேன். இணையத்தில் 15,349 என்று இருக்கிறது. விமானத் தடம் காட்டும் தளங்களில் சில நாள் 16,000-ஐயும் தாண்டுகிறது. பயண நேரத்துக்கும் கரிம உமிழ்வுக்கும் எந்த எண்ணை எடுப்பது?

பதில் 1:
மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போடவில்லை. வெறும் 73.78 என்று விட்டால் நியூயார்க் கிர்கிஸ்தானில் போய் உட்கார்ந்துவிடும். 5,321 அந்த இடத்துக்கான தூரம், அந்த அளவில் சரிதான்!

-73.78 என்று போடுங்கள். தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 பாகை ஆகும், விடை சுமார் 15,340 கி.மீ. மிச்சம் 9 கி.மீ. எங்கே என்றால், உங்கள் சூத்திரம் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் துருவங்களில் சற்றுத் தட்டை.

கையாலேயே சரிபார்க்கலாம். வித்தியாசம் கிட்டத்தட்ட 180 என்பதால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகும், 87½ பாகை வரை ஏறும். சாங்கியிலிருந்து துருவம் 88.64 பாகை, அங்கிருந்து ஜே.எஃப்.கே. 49.36. மொத்தம் 138. பாகைக்கு 111.19 கி.மீ. வீதம் 15,344. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் இந்த வழி கண்ணிலேயே படாது.

பதில் 2:
தடத்தில் கூடுதலாக வருவது பிழையல்ல. அந்தக் குறுகிய கோடு சைபீரியா வழியாகப் போகிறது. 2022க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. துருவக் குளிரில் எரிபொருள் உறைநிலையையும் பார்க்க வேண்டும்: ஜெட் ஏ-1க்கு -47°, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு -40°.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடிக்கப் பசிபிக் பக்கம் சுற்றிப் போவார்கள். உதாரணத்துக்கு, மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் 15,349 கி.மீ. போக 17 மணி 3 நிமிடம். பின்காற்று 100 கி.மீ. கிடைத்தால் 16,600 கி.மீ.க்கே 16 மணி 36 நிமிடம்தான். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று, அதனால் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமாக வருவார்கள். ஆகவே நேரத்துக்கு அட்டவணையைப் பாருங்கள், தூரத்தை வகுக்காதீர்கள்.

பதில் 3:
உமிழ்வுக்கு 15,349-ஐயே எடுங்கள். இகாவோ (ICAO, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கணக்கீட்டு முறையில் 5,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு 125 கி.மீ. கூட்டுவார்கள், ஆக 15,474.

மைல் என்று எங்காவது பார்த்தால் எந்த மைல் என்று கவனியுங்கள். இதே தூரம் 8,288 கடல் மைல், 9,537 சாதாரண மைல். கடல் மைலை 1.852-க்குப் பதில் 1.609-ஆல் பெருக்கினால் இரண்டாயிரம் கி.மீ. காணாமல் போகும்.